வேண்டுதல் காசு சாய்ந்த பக்கம்

அத்தியாயம் 9

வகிதாம்மாவை இன்று பொழுது சாய்வதற்குள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும். அந்த அம்மாவோ உத்திரமேரூர் பஜார்த் தெரு வீட்டுக்குள் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெந்நீரில் பவுடர் கலக்கிக்கொண்டிருந்தார். டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் ஐசக். காஞ்சிபுரம் தேவயானி துப்பறியும் நிலையத்தில் உதவியாளர், ஸ்கூட்டர் ஓட்டுநர், டீ வாங்கி வருபவர், திட்டு வாங்குபவர். நான்கு வேலைக்கும் ஒரே ஆள். என் முதலாளியம்மா தேவயானி மேடம் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவர். செத்துப்போனதாகச் சர்டிபிகேட் வாங்கிய ஒரு மனுஷனைப் பொருட்காட்சி ராட்டினத்தில் வைத்துப் பிடித்தார் என்று இன்றைக்கும் பேசிக்கொள்வார்கள். உட்காரவே மாட்டார். கையில் எப்போதும் என் ஸ்கூட்டர் சாவி சுற்றிக்கொண்டே இருக்கும்.

"அம்மா, கதவைத் தெறம்மா! கார் வந்து நிக்குது!" என்று மாஹிரா தட்டினாள். வகிதாம்மாவின் மகள் அவள்தான். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். எங்களை வரவழைத்தவளும் அவள்தான். அப்பா அஹமது பாட்சா வாடகைக் காரின் முன் சீட்டில் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சண்டையில் எந்தப் பக்கமும் சேராமல் உட்கார்ந்திருந்தார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆபரேசனும் வோணாம், ஒண்ணும் வோணாம்! ஆண்டாளக்கா காலு பவுடர் குடிச்சே சரியாவல? எக்ஸ்ரே படம் ஊரெல்லாம் ஒட்டிக் கீதே, கண்ணு இல்லியா உனக்கு? அந்தப் படம் பொய்யின்னு காட்டு, இப்பவே வந்து கார்ல குந்திக்கிறன். இல்லாங்காட்டி ஆள உடு."

மாஹிரா எங்கள் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "போன தடவையும் இப்படித்தான் மேடம் கடைசி நேரத்துல மாட்டேன்னுட்டாங்க. மொழங்கால் ஜவ்வு முழுசாத் தேஞ்சிடுச்சி, கால் வளைஞ்சிக்கினே போவுது, இன்னும் தள்ளிப் போட்டா கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னிக்கி சாயந்திரம் போய்ச் சேரலன்னா எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க." குரலைத் தாழ்த்தினாள். "விடியக்காலையில பாத்ரூமுக்குத் தவழ்ந்துக்கினு போறாங்க. நான் தூங்கறேன்னு நெனச்சிக்கினு."

வாயில் தயாராக வைத்திருந்த ஜோக்கை விழுங்கிவிட்டேன்.

மேடத்தின் கையில் சாவி சுற்றுவது நின்றது. "பொய்யின்னு காட்டினா வருவேன்னு அவங்களே சொல்லிட்டாங்க. வண்டியை எடு ஐசக்."

அந்தப் படத்துக்காக ஊரெல்லாம் தேட வேண்டியதில்லை. எதிர்ச் சுவரிலேயே இருந்தது. 'சந்திமித்ரா அமினோ ஆசிட் பவுடர். தேய்ந்த ஜவ்வு மீண்டும் வளர்ந்தது! எக்ஸ்ரே சாட்சி!' என்று கொட்டை எழுத்து. நடுவில் மாவு மில் ஆண்டாளம்மாள் கைகூப்பி நிற்கிறார். அவருக்கு இரண்டு பக்கமும் ஒரு முழங்காலின் இரண்டு எக்ஸ்ரே. இடதுபக்கத்தில் மேல் எலும்பும் கீழ் எலும்பும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. வலதுபக்கத்தில் இரண்டுக்கும் நடுவே பளிச்சென்று இடைவெளி.

"ஜவ்வு எக்ஸ்ரேயில தெரியாது," என்றார் மேடம், பின் சீட்டில் ஏறியபடி. "எலும்புக்கு நடுவுல இருக்கிற சந்தை வச்சுத்தான் ஜவ்வு இருக்கா இல்லையான்னு கணக்குப் போடுவாங்க. தேய்ஞ்சா சந்து அடைச்சுக்கும். அடைச்ச சந்து இதுல திறந்திருக்கு."

"அப்ப பவுடர் வேலை செஞ்சிருக்குதா?"

"அதைக் கேட்கத்தான் போறோம்."

பேருந்து நிலையத்துக்கு எதிரில் மாடியில் இருந்தது சந்திமித்ரா மூட்டு நல மையம். முழங்கால் வலிக்காரர்களுக்கான கடையை மாடியில் வைத்தவனின் அறிவை என்னவென்று சொல்வது! மூச்சு வாங்க ஏறினோம். உரிமையாளர் ராஜாராம் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஏர்கூலருக்கு முன் உட்கார்ந்து, மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் முழங்காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்.

"அமினோ ஆசிட்டுன்னா இன்னான்னு நெனச்சீங்க மேடம்? ஒடம்பு கட்டற செங்கல்லு. ஜவ்வே அதாலதான் ஆனது. தேஞ்ச எடத்துக்குச் செங்கல்லு குடுத்தா, ஒடம்பு தானா கட்டிக்கும்."

"செங்கல்லைக் கொண்டாந்து தெருவுல கொட்டினா வீடு தானா எழும்பிடுமா? மேஸ்திரி வேணாமா?" மேடம் நின்றுகொண்டே கேட்டார். "அதுலயும் ஜவ்வுக்கு ரத்தக் குழாயே கிடையாது. லாரி நுழையாத சந்துல வீடு கட்டறேங்கறீங்க."

ராஜாராம் சிரித்துக்கொண்டே ஒரு ஃபைலைத் தூக்கிப் போட்டார். "விஞ்ஞான ஆதாரம் கீது. படிங்க."

மேடம் படித்தார். நடந்துகொண்டே படித்தார், அந்தச் சின்ன அறையில் சுவருக்குச் சுவர். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், பிளாஸ்டிக் முழங்காலைக் கழற்றினேன். திரும்ப மாட்டத் தெரியவில்லை.

"இது கன்னுக்குட்டி ஜவ்வு செல்லைக் கிண்ணத்துல வளர்த்து செஞ்ச ஆராய்ச்சி," என்றார். "அமினோ ஆசிட்டை மேலேயே ஊத்தியிருக்காங்க. செல் கொஞ்சம் சுறுசுறுப்பாச்சுன்னு எழுதியிருக்கு."

"கன்னுக்குட்டிக்கு நல்ல சேதி," என்றேன்.

"கிண்ணத்துக்கு வயிறு கிடையாது மிஸ்டர் ராஜாராம். மனுஷங்களுக்கு இருக்கு. நீங்க குடிக்கக் கொடுக்கறதை வயிறு பிரிச்சு ரத்தத்துல விட்டுடும். அப்புறம் அது தலைமுடிக்குப் போகுதா, நகத்துக்குப் போகுதா, யார் கண்டா? முழங்காலுக்குன்னு விலாசம் ஒட்டி அனுப்ப முடியாது." அடுத்த தாளைத் திருப்பினார். "இது மனுஷங்களை வச்சு செஞ்சது. சின்ன ஆராய்ச்சி, செலவு பண்ணினதே பவுடர் விக்கிற கம்பெனி. குடிச்சவங்களுக்கு வலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. தெரியாம வெறும் மாவைக் குடிச்சவங்களுக்கும் குறைஞ்சிருக்கு. வித்தியாசம் ரொம்பக் கம்மி. ஜவ்வு வளர்ந்துச்சுன்னு இதுல எங்கேயும் இல்லை."

"காகிதத்த உடுங்க மேடம்." ராஜாராம் எழுந்து சுவரிலிருந்த விளக்குப் பெட்டியைப் போட்டார். சுவரொட்டியில் பார்த்த இரண்டு எக்ஸ்ரேயும் அசலாக அங்கே தொங்கின. "இத்த பாருங்க. நம்ம பஜார் டேனியல் எடுத்தது. பவுடர் குடிக்கறதுக்கு முந்தி ஒண்ணு, குடிச்சப்புறம் ஒண்ணு."

நான் முந்திக்கொண்டேன். "மேடம், இது வேற ஆளு காலு. சின்ன வயசுப் பொண்ணு யாரையாவது புடிச்சிக்கினு வந்து எடுத்திருக்காங்க."

இப்படி ஒருவன் மாட்டுவான் என்று காத்திருந்தவர்போல ராஜாராம் விரலை நீட்டினார். "இன்னா இது?"

இடதுபக்கப் படத்தில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எலும்பின் மேலேயே வெள்ளையாக ஒரு முழு வட்டம். வலதுபக்கப் படத்தில் அந்த இடத்தில் வட்டம் இல்லை. காலின் வெளிப்பக்க ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும்.

"பெருமாளுக்கு முடிஞ்ச காசு. மஞ்சத் துணியில காசு வச்சிக் கயித்துல கோத்து, மொழங்காலுக்குக் கீழ கட்டிக் கீறாங்க ஆண்டாளம்மா. ரெண்டு படத்துலயும் கீது. எந்தச் சின்னப் பொண்ணு காலுல இது இருக்கும் சொல்லு?"

மேடம் மூக்கு இடிக்கிற தூரத்தில் போய்ப் பார்த்தார். "எலும்போரத்துல முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, அதுவும் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கு. கால் மாறலை ஐசக்."

"கால மாத்தல, படத்துல கை வெக்கல. போயி வகிதாம்மாவுக்குச் சொல்லுங்க," என்றார் ராஜாராம். நான் கழற்றிய பிளாஸ்டிக் முழங்காலை என் கையிலிருந்து பிடுங்கி வைத்தார்.

மேடம் செல்போனில் இரண்டையும் படமெடுத்துக்கொண்டு இறங்கினார். நான் பின்னாலேயே இறங்கினேன். என் மூக்கு உடைந்ததை ஊரே பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது.

பேருந்து நிலையத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. செங்கல்பட்டு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு புறப்பட்டது. மாஹிராவிடமிருந்து போன் வந்தது. கார் டிரைவர் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாராம். அம்மா அடுத்த டம்ளர் கலக்க ஆரம்பித்துவிட்டாராம். மேடம் டீக்கடைக்கும் டைம் கீப்பர் அறைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். "வட்டம், கோடு. வட்டம், கோடு," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

காலையிலிருந்து நாஷ்டாகூட இல்லை எனக்கு. சிமெண்ட் பெஞ்சு ஒன்று காலியாக இருந்தது. மல்லாக்கப் படுத்துக் கண்ணை மூடினேன்.

"ஐசக்!"

கண்ணைத் திறந்தால் மேடம் தலைக்கு மேலே நிற்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்க்கிறார்.

"எழுந்திரு."

எழுந்தேன்.

"படு."

படுத்தேன்.

"மறுபடியும் எழுந்திரு. சட்டையைச் சரி பண்ணாதே. இப்ப படு."

பக்கத்தில் நெல் மூட்டைக்குக் காவலாக உட்கார்ந்திருந்த அம்மா அலறிக்கொண்டு எழுந்தார். "ஐயோ பாவம், இழுப்பு வந்துடுச்சி! யாராச்சும் ஒரு இரும்பு குடுங்கப்பா, சாவி குடுங்க கையில!" நாலு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் என் கையில் சைக்கிள் சாவியைத் திணித்தார். நல்லா இருக்கேன் என்று நான் சொல்லச் சொல்ல இறுக்கிப் பிடித்தார்கள்.

மேடம் சிரித்தார். இந்தக் கேஸில் முதல்முறையாகச் சிரித்தார். "உன் சிலுவையைப் பாரு."

பார்த்தேன். எங்கம்மா போட்டுவிட்ட வெள்ளிச் சிலுவை. நிற்கும்போது சங்கிலியோடு நெஞ்சுக்கு நேராகத் தொங்கும். இப்போது நழுவித் தோள் பக்கம் சரிந்து பெஞ்சைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

"நிக்கறவங்க காலுல காசு முன்பக்கமாத் தொங்கும். முன்னாலிருந்து படம் எடுத்தா முழு வட்டமாத் தெரியும். அதே ஆள் மல்லாக்கப் படுத்தா?"

"பக்கவாட்டுல சரிஞ்சிடும்." என் தலைக்குள் பல்பு எரிந்தது. "காசோட ஓரம் மட்டும் தெரியும். கோடு!"

"முதல் படம் நின்னுக்கிட்டு எடுத்தது. ரெண்டாவது படுத்துக்கிட்டு எடுத்தது. நின்னா உடம்புக் கனம் முழுக்க முட்டியில இறங்கும். தேய்ஞ்ச சந்து அடைச்சுக்கும். படுத்தா கனம் இல்லை, சந்து திறந்துக்கும். பவுடர் குடிக்கணும்னே இல்லை, பெஞ்சுல படுத்தாப் போதும். வா, டேனியலைக் கேட்போம்."

சைக்கிள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

டேனியல் எக்ஸ்ரே எடுக்கிற இடம் பஜாரில் மளிகைக் கடைக்குப் பின்னால். செல்போன் படத்தைக் காட்டியதும் அவர் முகம் சுருங்கியது.

"காசக் கழட்டுங்கன்னு ரெண்டு தடவையும் சொன்னன் மேடம். வேண்டுதல் காசு, வேண்டுதல் தீராம அவுக்கக் கூடாதுன்னு அந்தம்மா சண்டைக்கு வந்துட்டாங்க. மூட்ட மறைக்கல, உட்டுட்டன். நீங்க சொல்றது கரெக்டு. மொதல்ல நின்னுக்கினு, அப்புறம் படுத்துக்கினு. ரெண்டையும் பக்கத்துல வச்சிப் பேசக் கூடாதுங்கன்னு ராஜாராமாண்ட நானே சொன்னன். சிரிச்சிக்கினே எடுத்துக்கினு போயிட்டாரு."

"ரெண்டாவது தடவை படுக்க வைக்கச் சொன்னது ராஜாராமா?"

டேனியல் தயங்கினார். "இல்ல மேடம். ஆண்டாளம்மாவேதான் கேட்டாங்க. எப்பா, நான் படுத்துக்கறன், படுக்க வச்சி எடுன்னு."

போச்சுடா! நான் தொடையில் தட்டினேன். "அப்ப ரெண்டு பேரும் கூட்டு! அந்தம்மா தெரிஞ்சேதான் படுத்திருக்கு. ஊரையே ஏமாத்தறதுக்கு என்னமா ஒரு ஐடியா!"

மேடம் செல்போனை எடுத்தார். மாஹிராவுக்குப் போன் போட்டு, அதை ஜன்னல் வழியாக அம்மா காதுக்கு நீட்டச் சொன்னார். காசு, வட்டம், கோடு, நின்றது, படுத்தது எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினார். அந்தப் பக்கம் டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம் நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் சொல்ற," என்றது வகிதாம்மாவின் குரல். "ஆனா நீ யாரு? எனக்கு ஆண்டாளக்காவத் தெரியும். கல்யாணமாயி வந்த நாள்லேர்ந்து அவ மில்லுலதான் மாவு அரைக்கிறன். அவ வாயால சொல்லட்டும், நம்பறன்."

போன் வைக்கப்பட்டது. வெயில் தெருவின் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிட்டிருந்தது. எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

ஆண்டாளம்மாளின் மாவு மில் சாலவாக்கம் போகும் சாலையில், தெருக் கோடியில் இருந்தது. அன்றைக்கு மிளகாய் அரைப்பு. வாசலில் கால் வைத்ததும் தும்மல் பிடித்துக்கொண்டது எனக்கு. மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். ஆண்டாளம்மாள் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தராசு, முறம், சாக்கு ஊசி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். வந்த பெண்களே தூக்குச் சட்டியை மிஷினில் கொட்டி, அவர்களே அள்ளிக்கொண்டு போனார்கள். மோட்டார் சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருந்தது. ஆண்டாளம்மாள் பக்கத்தில் சாத்தியிருந்த நீண்ட மூங்கில் கழியை எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைக் குத்தி நிறுத்தினார்.

"சோம்பேறித்தனத்துலயும் ஒரு டெக்னிக்கு," என்று மேடத்தின் காதில் சொன்னேன்.

"வாயை மூடு," என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை. கழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரைக்க வந்தவர்கள் போகும்வரை காத்திருந்தோம். ஆண்டாளம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "பவுடரப் பத்திக் கேக்க வந்தீங்களா? எல்லாரும் கேக்கறாங்க. நல்ல பவுடரு, போயி வாங்கிக் குடிங்க."

"பவுடரைப் பத்தி இல்லைம்மா. காசைப் பத்தி," என்றார் மேடம். "பெருமாளுக்கு முடிஞ்ச காசு. கால் சரியாப் போனா அதை அவிழ்த்து உண்டியல்ல போடறதுதானே முறை?"

"ஆமா."

"போட்டாச்சா?"

ஆண்டாளம்மாளின் கை, அவரையும் அறியாமல், புடவைக்கு மேலாக முழங்காலுக்குக் கீழே போய்த் தொட்டது. தொட்டதும் சுட்டதுபோல எடுத்துக்கொண்டார். ஆனால் நாங்கள் இருவரும் பார்த்துவிட்டோம். துணிக்கு அடியில் ஒரு சின்ன முடிச்சு துருத்திக்கொண்டிருந்தது.

"ஊரை ஏமாத்தலாம். பெருமாளை ஏமாத்த மனசு வரலை, இல்லைங்களா?" மேடம் பக்கத்திலிருந்த கோதுமை மூட்டை மேல் உட்கார்ந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், ஸ்கூட்டர் சீட்டைத் தவிர வேறெங்கும் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அன்னிக்கு ஏன் படுத்துக்கறேன்னு சொன்னீங்க?"

ஆண்டாளம்மாள் தராசுத் தட்டில் ஒட்டியிருந்த மிளகாய்த் தூளை முந்தானையால் துடைத்தார்.

"நிக்க முடியலம்மா," என்றார் ஆண்டாளம்மாள்.

"என்னது?" என்றேன் நான்.

"மொத தடவ படம் எடுக்கச் சொல்ல நின்னன். அப்புறம் பவுடரக் குடிச்சிக்கினே இருந்தன், காலு நாளுக்கு நாளு மோசமாத்தான் ஆச்சி. ரெண்டாவது தடவ போனப்ப ஒரு நிமிசம் நிக்க முடியல. உசுரு போவுது. அதான், படுத்துக்கறன், படுக்க வச்சி எடுன்னு அந்தப் புள்ளையாண்ட கெஞ்சினன். அம்மாடி, வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

எனக்குத் தும்மல்கூட நின்றுவிட்டது. ஊரே குணமாகிவிட்டதற்குச் சாட்சி என்று கும்பிட்டுக்கொண்டிருந்த படம், அந்தக் கால் நிற்கக்கூட முடியாமல் போனதற்கான சாட்சி! கூட்டுக் களவாணி என்று இந்த வாயால்தானே சொன்னேன். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

"ராஜாராம் படத்தக் கொண்டாந்து, பாத்தியாம்மா, சந்து தொறந்துக்கிச்சி, ஜவ்வு வளந்துடுச்சின்னு காட்டினான். நானும் நம்பிட்டன். படத்துலயே கீதே, நமக்குத்தான் மனசுல வலி போலன்னு நெனச்சன். அப்புறம் சொவரெல்லாம் ஒட்டிட்டான். அரைக்க வர்ற பொம்பளைங்க எல்லாம் என் காலத் தொட்டுப் பாத்துட்டுப் போயி வாங்குதுங்க. இப்ப போயி வலிக்குதுன்னு சொன்னா என்னைப் பொய்க்காரின்னு சொல்ல மாட்டாங்க? இன்னும் கொஞ்ச நாளு குடிச்சா நெசமாவே ஆயிடும், அப்ப காச அவுத்துக்கலாம்னு பாத்துக்கினு இருந்தன். ஆவவே இல்ல."

"உங்க படத்தை நம்பி வகிதாம்மா ஆபரேஷன் வேணாம்னு கதவைச் சாத்திக்கிட்டு இருக்காங்க," என்றார் மேடம். "இன்னிக்குச் சாயந்திரம்தான் கடைசி."

"யாரு, நம்ம வகிதாவா?" ஆண்டாளம்மாள் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "ஆபரேசனா? எங்கிட்ட அவ சொல்லவே இல்லியே! போன வாரம்கூட மல்லி அரைக்க வந்தா, எப்பிடிக்கா கீதுன்னு கேட்டா. நல்லாக் கீதுடின்னு சொல்லிட்டனே பாவி! அவ காலு இன்னா அந்த அளவுக்கா ஆயிடுச்சி?"

"விடியக்காலையில தவழ்ந்துதான் பாத்ரூம் போறாங்களாம்," என்றேன்.

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மூங்கில் கழியை எடுத்தார். சுவிட்சுக்கு என்று நினைத்தேன். இல்லை, ஊன்றிக்கொண்டு இறங்கினார். "ஒரு ஆட்டோ கொண்டாப்பா. சீக்கிரம்!"

பஜார்த் தெருவில் கார் டிரைவர் டிக்கியை மூடிவிட்டு, நான் கெளம்பறன் பாய் என்று அஹமது பாட்சாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் ஆட்டோ உள்ளே நுழைந்தது. வகிதாம்மா வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. கம்பிக்குப் பின்னால் அந்த அம்மாவின் முகம் தெரிந்தது.

நான் கை கொடுக்கப் போனேன். ஆண்டாளம்மாள் தட்டிவிட்டார். "உடுப்பா. அவ பாக்கட்டும்."

இறங்கினார். ஒரு காலைத் தரையில் வைத்தார். அடுத்த காலை இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கி வைத்தார். கழியை ஊன்றி, வளைந்த கால் நிமிராமல், பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நடந்தார். ஆட்டோவிலிருந்து வாசலுக்கு என்ன பெரிய தூரம்? அதற்குள் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அவர் கைகூப்பி நிற்கிற சுவரொட்டிக்கு முன்னாலேயே இவ்வளவும் நடந்தது.

"அக்கா..." ஜன்னலில் வகிதாம்மாவின் குரல் உடைந்தது. "அந்தப் போட்டோவுல நிக்கிறியேக்கா."

"பின்னாடி மேஜையில சாஞ்சிக்கினு நின்னன்டி. மேஜை தெரியாத மாதிரி எடுத்துக்கினான்." மூச்சு வாங்கினார். "எனக்கு வளரல வகிதா. ஒண்ணும் வளரல. அன்னிக்கி நிக்க முடியாமத்தான் படுத்துக்கினன். போன்ல இந்த மேடம் சொன்னது நெசம். உங்கிட்ட நல்லாக் கீதுன்னு சொன்னனே, அதுதான் பொய்யி. என்னை அடிக்கணும்னா வந்து அடி. ஆனா கதவத் தெறந்து வந்து அடி."

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. வகிதாம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவின் கால் எந்தப் பக்கம் வளைந்திருந்ததோ, ஆண்டாளம்மாளின் காலும் அதே பக்கம்தான் வளைந்திருந்தது. மாஹிரா விம்மி அழுதுவிட்டாள். அஹமது பாட்சா காரிலிருந்து இறங்கி, பையை டிக்கியில் வைத்தார். டிரைவர் பின் கதவைத் திறந்து பிடித்தார்.

"எனக்கு பயம்க்கா," என்றார் வகிதாம்மா. "அறுத்துடுவாங்களேன்னு பயம். உன் படம் இருந்துச்சி, அதான் தைரியமா வோணாம்னு சொல்லிக்கினு இருந்தன். யா அல்லா, இப்ப அதுவும் போச்சே."

"எனக்கும் பயம்தான்டி. அந்தக் கருமத்த ஏன் குடிச்சிக்கினு இருந்தன்னு நெனச்ச?"

வகிதாம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளின் தோளைப் பிடித்துப் படி இறங்கினார். கார் கதவருகே நின்று, குனிந்து, ஆண்டாளம்மாளின் புடவைக்கு மேலாக அந்த முடிச்சைத் தொட்டார்.

"காசு அப்பிடியே இருக்கட்டும்க்கா. அவுக்காத. இவ்ளோ நாளு உன்னைப் பாத்துக்கினு நான் இருந்தன். இந்தத் தடவ நான் முன்னாடி போறன். என்னைப் பாத்து நீ வா."

கார் புறப்பட்டது. மேடம் அதற்குள் சுவரொட்டியின் ஒரு மூலையை நகத்தால் நெம்ப ஆரம்பித்திருந்தார். டேனியல் போலீஸில் எழுதிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார் என்றும், ராஜாராமின் மாடிப்படி ஏற மறுபடியும் தயாராக இரு என்றும் என்னிடம் சொன்னார். என் காதில் பாதிதான் விழுந்தது.

தெரு முனையில் கார் திரும்புவதற்குள் ஆண்டாளம்மாள் கழியைத் தூக்கி ஆட்டி, ஊரே கேட்கிற மாதிரி கத்தினார்.

"வகிதா! ஆபரேசன் முடிஞ்சதும் ஒரு எக்ஸ்ரே எடுத்து அனுப்புடி! நின்னுக்கினு எடு! படுத்துக்கினு எடுத்தா நம்ப மாட்டன்!"